கயிற்றுக்கு வெளியே ஓர் இடம் கேட்டு

நான் அண்ணாந்து பார்க்கவும் அஞ்சிய உயரத்திலிருந்து குதித்துப் பழகிய என் மகள் எழிலரசிக்கு,

உன் அம்மாவின் கைப்பேசிக்கு நீ அனுப்பிய செய்தியை அவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்படியில் நின்று தானே இருமுறை படித்தாள். பிறகு கைப்பேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் குதிக்கப் போறேன்மா. முடிச்சிட்டு அடுத்த நாளே வெளிநாடு கெளம்பறேன். நீ மட்டும் வா. அப்பா வேணாம்." நாற்பது ஆண்டுகளாக மேடை ஏறுகிறேன். என்னை வேண்டாம் என்று சொன்ன ஊர் ஒன்றுகூட இல்லை என்று இறுமாந்திருந்தவன் நான். அடைமழையில் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டவர்கள் இந்த மாவட்டத்து மக்கள். அந்த என்னை, என் மகள் இரண்டே சொற்களில் மேடையிலிருந்து இறக்கிவிட்டாள். அந்தச் சொற்சிக்கனத்தை நீ யாரிடம் கற்றாய் என்பதும் எனக்குத் தெரியும். அவளைப் பற்றியும்தான் இம்மடல்.

இதை உனக்குத் தனியே எழுதாமல் ஊரறிய அச்சிடக் கொடுத்தேன் என்று சினக்காதே. நான் செய்த பிழை ஒலிபெருக்கியில் செய்த பிழை. அதை உன் காதில் மட்டும் சொல்லித் திருத்திவிட முடியாது. அன்று திடலில் நின்றவர்கள் அத்தனை பேரின் காதுக்கும் அது போய்ச் சேர வேண்டும். என் தோளில் கிடக்க வேண்டிய பழி ஒன்று ஏழு திங்களாக வேறு தோள்களில் கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் முன், அந்தப் பிழை எந்த விதையிலிருந்து முளைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பெயர் பொறாமை. பெற்ற மகள்மேல் தந்தைக்குப் பொறாமையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மேடையில் நான் பொய் சொன்னதுண்டு. தாளில் சொல்லப் போவதில்லை.

உனக்கு ஒன்பது அகவை இருக்கும்போது வெள்ளிமலையில் ஒரு பொதுக்கூட்டம். கல்வராயன் மலையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து நீயும் வண்டியில் ஏறிக்கொண்டாய். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதுமே நான் கண்களை மூடிக்கொண்டேன். முன் இருக்கையில் இருந்தவர்களுக்கு நான் உரைக்கு ஆயத்தமாகிறேன் என்று எண்ணம். நீ சாளரத்தில் தலையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டே வந்தாய். மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ உன் கூச்சல் நின்றது. இருக்கைக் கம்பியை இறுகப் பற்றியிருந்த என் கையைப் பார்த்துவிட்டாய் போலும். உன் சிறு கையை அதன்மேல் வைத்து, என் காதருகே வந்து, "அப்பா, கண்ணத் தொறக்காதீங்க. வளைவு முடிஞ்சதும் நானே சொல்றேன்" என்றாய். அன்று மாலை வெள்ளிமலை மேடையில் நான் அச்சத்தைப் பற்றித்தான் பேசினேன். அச்சத்தை அறைந்தேன், மிதித்தேன், நாடு கடத்தினேன். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. நீ மட்டும் தட்டவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. உயரத்தைக் கண்டால் உன் தந்தை கண்ணை மூடிக்கொள்வான் என்பது இன்றுவரை உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த கமுக்கம். இன்று அதையும் அவிழ்த்துவிட்டேன்.

ஆகவே, பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் நீ வானூர்தியிலிருந்து குதிக்கிறாய் என்ற செய்தி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார். அதையும் நீ சொல்லி நான் அறியவில்லை. பேருந்து நிலையத்தின் எதிரே தேநீர்க் கடையில் ஒருவர் கைப்பேசியை என் கண்முன் நீட்டினார். "ஐயா, இது உங்க பொண்ணுதான? இன்னா தில்லுங்க! நம்மளுக்கு மாடியில தண்ணி டேங்க் கழுவவே கால் நடுங்குது." திரையில், கன்னங்கள் காற்றில் படபடக்க, நீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தாய். "தெரியும், தெரியும்" என்று சொல்லிக் குவளையைக் கையில் எடுத்தேன். தேநீர் சிந்தியது. முதலில் வந்தது அச்சம், மறைக்கவில்லை. அச்சம் தணிந்த பின் எஞ்சி நின்றதுதான் எனக்கே வியப்பு. நான் சொல்லால் மட்டுமே வென்ற ஒன்றை நீ உடலால் வென்றிருந்தாய்.

பிறகு பிரமிளா வந்தாள். மைசூரை அடுத்த பயிற்சித் திடலில் உனக்குக் கற்றுக்கொடுத்தவள். ஆரணிப் பக்கத்துப் பெண். உன்னைவிட மூன்றாண்டு இளையவள். முதன்முதலாக நீ தனியே இறங்கிய நாளன்று எனக்குத் தொலைபேசினாய். தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு வானொலி இருக்கும், கீழே நிற்பவர் அதில் வழிசொல்வார் என்று விளக்கினாய். "மொத்தமே அஞ்சு வார்த்ததான்ப்பா பேசனா. லெஃப்ட். நேரா. கை மேலயே இருக்கட்டும். இன்னும். இப்போ! அவ்ளோதான், ரெண்டு கைப்பிடியும் கீழ இழுத்தேன், படிக்கட்டுல கடைசிப் படி எறங்கற மாதிரி எறங்கிட்டேன்." உன் மகிழ்ச்சியைக் கேட்டு மகிழ வேண்டிய நான் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தல்ல, ஏழு. ஏழானால் என்ன? இருபத்தேழு ஆண்டுகளில் நான் உனக்குச் சொன்னவை எத்தனை கோடிச் சொற்கள்! அவற்றில் ஏழையேனும் நீ இப்படிச் சொன்னவுடன் செய்ததுண்டா? நான் படிக்கச் சொன்னதைப் படிக்கவில்லை, இருக்கச் சொன்ன ஊரில் இருக்கவில்லை, பார்க்கச் சொன்ன மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி வானொலியில் "இப்போ" என்றால் மட்டும் உயிரையே கையில் பிடித்துக் கீழே இழுக்கிறாய்!

சென்ற பொங்கலுக்கு நீ குதிக்கும்போது முதுகில் மாட்டும் பையை வீட்டுக்கே கொண்டுவந்தாய். கூடத்து நாற்காலிகளை எல்லாம் முற்றத்தில் போட்டுவிட்டு, விசிறியை அணைத்துவிட்டு, வான்குடையைத் தரையில் நீட்டிப் போட்டாய். "இன்னாடி இது, கல்யாணப் பந்தல் துணியாட்டம் வூடு முழுக்கப் பரப்பிக்கினு கெடக்க?" என்றாள் உன் அம்மா. அவள் களமருதூர்க்காரி, நெல் மூட்டை தைத்த கை அவள் கை. நூல்களைக் கையில் ஓடவிட்டுச் சிக்கல் பார்க்கச் சொன்னாய்; பார்த்தாள். துணியை மடிக்க மடிக்க உள்ளே காற்று நின்றது.

"அம்மா, இதும்மேல முட்டி போட்டு ஒக்காரு. காத்த வெளிய தள்ளணும்."

"ஒக்காந்தா கசங்கிடாது?"

"கசங்கட்டும். சிக்காம இருந்தாப் போதும்."

"ஏங்க, இங்க வந்து பாருங்க! உங்க பொண்ணு என்ன இஸ்திரிப் பொட்டி ஆக்கிட்டா!"

நான் காப்பிக் குவளையோடு வந்தேன். "அங்கியே நில்லுங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினீர்கள். துணியில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதாம். என் வீட்டுக் கூடத்தின் வாயிற்படியில் நான் நிறுத்தப்பட்டேன். உள்ளே தாயும் மகளும் ஒரு துணியின்மேல் முட்டிபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று உன் அம்மாமேலும் பொறாமைப்பட்டேன்.

அங்கிருந்தபடியே கேள்விகள் கேட்டேன். நீ பொறுமையாக விடை சொன்னாய். பெரிய குடையை நீயே மடிப்பாய். அது திறக்காமற்போனால் விரிவதற்கு முதுகில் இன்னொரு குடை உண்டு. நீ உணர்விழந்து விழுந்தாலும் தாழ்ந்த உயரத்தில் அதைத் தானே திறந்துவிட ஒரு சிறு கருவியும் உண்டு. அந்த இரண்டாம் குடைக்கு நான் அங்கேயே 'உயிர்க்குடை' என்று பெயர் சூட்டினேன். "நல்லாருக்குப்பா" என்றாய், அடுத்த வரியிலேயே அதை "ரிசர்வ்" என்றாய். அதை மட்டும் நீ மடிக்கக் கூடாது, அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்தான் மடிக்க வேண்டும், ஆறு திங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மீண்டும் மடித்துச் சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை வைப்பார்கள் என்றாய். "யார் மடிப்பது?" என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம். "பிரமிளாதான்." என் மகளின் உயிரை ஒருத்தி விரித்து, தடவிப் பார்த்து, மடித்து, முத்திரையிட்டு அனுப்புகிறாள்; பெற்றவன் குவளையோடு வாயிற்படியில் நிற்கிறான்.

அந்த எரிச்சலில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "பிரமிளாவின் குடை எவ்வளவு பெரியது?"

"பெருசு இல்லப்பா. சின்னது. நல்லாப் பழகனவங்கதான் அதுல குதிப்பாங்க. நூத்தி இருவது சதுர அடி."

"உன்னுடையது?"

"நூத்தி எழுவது."

"அவளைவிட நீ எதில் தாழ்ந்தவள்?"

நீ சிரிக்கவில்லை. "அப்பா, இது மேடையில நாற்காலி போடற கணக்கு இல்ல. துணி சின்னதானா வேகம் ஜாஸ்தி. லேசாக் கைய இழுத்தாலே சுருட்டிக்கினு திரும்பும். மேல இருக்கறப்ப அது ஜாலி. தரைகிட்ட ஒரு தப்புப் பண்ணா மன்னிக்காது. என் எடைக்கும் என் பழக்கத்துக்கும் இதான் சரி." அழகாகச் சொன்னாய். ஆனால் நான் விட்டேனா? அதன்பின் தொலைபேசும்போதெல்லாம் ஒரு குத்தல். 'இன்னும் அந்தக் கிழக்குடைதானா?' 'தொடக்கக்காரர்களோடுதான் குதிக்கிறாயா?' வெற்றி பெற்றவர்கள் எல்லாம் துணிந்து சிறியதை எடுத்தவர்கள் என்று எனக்குத் தெரியாத ஒரு துறையைப் பற்றி உனக்கே உரையாற்றினேன். யாரோ விற்ற நூற்று முப்பத்தைந்து சதுர அடிக் குடையை வாங்கலாமா என்று நீ ஊசலாடிய நாளும் ஒன்று வந்தது. பிரமிளாவிடம் கேட்டாயாம். "இன்னும் நூறு குதி. அப்பால பேசலாம்" என்றாளாம். என் உரைகள் அனைத்தையும் அந்த ஒரு வரி அடித்துச் சாய்த்தது. நீ நூற்றெழுபதையே வைத்துக்கொண்டாய். என்னிடம் அதைச் சொன்னபோது இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நினைவிருக்கிறதா?

இனி அந்த நாள். மூங்கில்துறைப்பட்டுச் சாலையில், கரும்பு வயல்களை ஒட்டிய திடலில், உழவர் விழா. அதில் நீ வானிலிருந்து இறங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவன் நான். ஊர் மக்களுக்கு உன்னைக் காட்ட என்று சொன்னேன். உண்மை அதுவன்று. வானம் உன்னுடையதாகவும் மேடை என்னுடையதாகவும் தனித்தனியே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வானத்தையும் என் நிகழ்ச்சி நிரலில் ஓர் உருப்படியாக்கிவிட நினைத்தேன். இறங்கும் உனக்கு என் கையால் போர்த்த ஒரு மஞ்சள் பொன்னாடையும் வாங்கி வைத்திருந்தேன். பிரமிளா இரண்டு நாள் முன்னரே வந்து திடலை நடந்தே அளந்தாள். நடுவே உனக்கு இடம் ஒதுக்கிச் சுற்றிலும் கயிறு கட்டினாள். நான் கட்டுவித்த தோரணக் கம்பங்களை அகற்றச் சொன்னாள். நான் முகம் சுளித்துக்கொண்டு பாதியை அகற்றுவித்தேன். உன் தலைக்கவசத்தில் வானொலி வைத்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"ஐயா, ரெண்டே ரெண்டுதான் கேக்கறேன். கவுத்துக்கு உள்ள ஈ காக்கா வரக் கூடாது. அவ எறங்கி, துணி தரையில வுழுந்து, நான் கை காட்டற வரிக்கும் மைக்குல யாரையும் கூப்புடாதீங்க."

"நாற்பதாண்டு மேடை கண்டவனுக்கு இதையுமா சொல்ல வேண்டும், அம்மா?"

"உங்களுக்குதான் சொல்லணும் ஐயா."

சேலத்திலிருந்து புறப்பட்ட சிறு வானூர்தி மேற்கே கல்வராயன் மலைப்பக்கமாக வந்து வட்டமடித்தது. நான் உரையின் உச்சத்தில் இருந்தேன். கரும்புக்கு உரிய விலை கேட்டு முழங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் என் கைக்குள் இருந்தது. அப்போது எங்கோ ஒரு குழந்தை "அதோ!" என்றது. திடல் முழுதும் ஒரே நொடியில் அண்ணாந்தது. என் பின்னே அமர்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஒலியமைப்பாளர்கூடத் தம் பெட்டியை விட்டுவிட்டு மேடைக்கு முன்னே வந்து வாயைப் பிளந்து நின்றார். நான் பேச்சை நிறுத்தினேன். நிறுத்தியதை ஒருவரும் அறியவில்லை. மகளே, என் பேச்சின் நடுவில் ஒரு கூட்டம் என்னைவிட்டு முகம் திருப்பியது அதுவே முதல்முறை. மேலே சிவப்பும் வெள்ளையுமாய் உன் குடை விரிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. உலகமே உன்னைப் பாராட்டும்போது பெற்றவன் நெஞ்சு பூரிக்க வேண்டும் அல்லவா? என் நெஞ்சில் எரிந்தது நெருப்பு.

நீ திடலைச் சுற்றி வந்து, காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி, நேர்கோட்டில் இறங்கத் தொடங்கினாய். நான் ஒலிவாங்கியை இறுகப் பற்றினேன். அந்த மக்களை எனக்குத் திருப்பிப் பெற வேண்டும். அது ஒன்றே அப்போது என் உள்ளத்தில் இருந்தது. "என் மக்களே! ஏன் நிற்கிறீர்கள்? கயிற்றைத் தாண்டி வாருங்கள்! நம் மண்ணின் மகள் தரையைத் தொடுமுன் நாம் தாங்கிக்கொள்வோம்!" என்றேன். என் குரல் பழுதற்ற குரல். அவர்கள் வந்தார்கள். கைகளை மேலே ஏந்திக்கொண்டு, கயிற்றை மிதித்துக்கொண்டு, நீ இறங்க வேண்டிய இடத்தை முழுவதுமாக நிரப்பினார்கள். பிரமிளா இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வீசிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

உனக்கு நேர் எதிரே மக்கள், அவர்களுக்குப் பின்னே நான் அகற்றாமல் விட்ட கம்பங்கள், இடப்புறம் மின்கம்பி. வலப்புறம் கரும்பு வெட்டி முடித்த வயல், கூர்கூராய்க் கட்டைகள். தரைக்கு அவ்வளவு அருகில் ஒரு கைப்பிடியை வெடுக்கென இழுத்துத் திரும்பினால் குடை தலைகுப்புறப் பாயும், தொங்கும் உடல் ஊசல்போல் வீசித் தரையில் அறையும் என்று நீ பின்னர்ச் சொன்னாய். துணி நன்றாக விரிந்திருந்தும் வான்குதிப்பாளர்கள் மடிவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் என்றாய். நீ வெடுக்கென இழுக்கவில்லை. இரு கைப்பிடிகளையும் பாதியளவு இழுத்துப் பிடித்து, விரைவைத் தணித்து, குடை சாயாமல் தட்டையாக, மெல்ல, வலப்புறம் நழுவினாய். ஓடிவந்தவர்களின் தலைகளை உன் காலணி உரசாத குறை. கரும்புக் கட்டைகளுக்கிடையே இறங்கி உருண்டாய். வாய்க்காலில் சிக்கிய வலக் கணுக்கால் முறிந்தது. முதலில் ஓடிவந்து உன்னைத் தூக்கியவன் ஏழுமலை, கரும்பு வெட்டுபவன். "பயப்படாத பாப்பா, காலத் தொங்கவுடாத" என்று சொல்லிக்கொண்டே கட்டைகள்மேல் வெறுங்காலால் நடந்து உன்னைச் சாலைக்குக் கொண்டுவந்தான். நான் மேடைப்படியில், மடித்த பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் கண்விழித்ததும் நீ தேடியது என்னையோ அம்மாவையோ அன்று. "பிரமிளா, நான் கீழ டர்ன் போட்டேனா?" "போடல. பிரேக்குல தட்டையாதான் திரும்பன. நான் சொல்றதுக்கு முன்னியே கை கரெக்டாப் போச்சி." நீ சிரித்தாய். கால் முறிந்து கிடப்பவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உன் பள்ளி முதல் பரிசுக்கு நான் அரைமணி நேரம் வாழ்த்துரை வழங்கினேனே, அப்போது அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது?

வெளியே வந்து பிரமிளா என்னிடம் சொன்னாள்: "அந்தச் சத்தத்துல மேல அவளுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. நீங்க மைக்குல கூப்டத நான் அவகிட்ட சொல்லல. நீங்களே சொல்லிடுங்க ஐயா. துணி மட்டும் சின்னதா இருந்திருந்தா இன்னிக்கி நாம இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்டோம்." அந்தக் கடைசி வரி என் எலும்பில் இறங்கியது. சிறிய துணி எடு என்று திங்கள் கணக்கில் குத்தியவன் நான். நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் இறந்திருப்பாய். கேட்காததால் இருக்கிறாய். ஒரு பேச்சாளனுக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு உண்டா? இதைவிடப் பெரிய பேறு ஒரு தந்தைக்கு உண்டா?

ஆயினும் சொல்லவில்லை. செய்தியாளர்கள் வந்து, கட்டுக்கடங்காத கூட்டமா என்று கேட்டார்கள், தலையசைத்தேன். காவலர்கள் ஏழுமலையையும் அவனோடு ஓடிய பத்துப் பேரையும் அழைத்து விசாரித்தார்கள், வாய்மூடி இருந்தேன். தேநீர்க் கடையில் ஏழுமலை ஒருநாள் என்னை நிறுத்தினான். "நீங்க கூப்டீங்கன்னுதான ஐயா ஓடனோம்? இப்ப நாங்க இன்னாவோ குடிச்சிட்டு வந்து ஆடனாப்ல ஊரே பேசுது. எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா. ஒரு வார்த்த சொல்லப்படாதா?" பார்க்கலாம் என்றேன். வாய் மூட வேண்டிய இடத்தில் முழங்கியவன், முழங்க வேண்டிய இடத்தில் வாய் மூடிக்கொண்டேன். சென்ற வாரம் யாரோ எடுத்த காணொளி உனக்கு வந்து சேர்ந்தது. "அப்பா, அது உங்க கொரலா?" "ஆம்." "ஏழு மாசமா?" அவ்வளவுதான். நீ தொலைபேசியை வைத்தாய். நான் கூட்டத்தைக் கயிற்றுக்குள் கூப்பிட்டதைக்கூட நீ பொறுத்திருப்பாய். ஏழுமலையின் கைகளில் சாலைக்கு வந்து சேர்ந்த நீ, அவன்மேல் நான் ஏற்றிய பழியைப் பொறுக்கமாட்டாய். அதில் நீ என் மகளேதான்.

நேற்று ஏழுமலையைத் தேடிப் போனேன். கரும்புச் சுமை ஏற்றிய டிராக்டர் அருகே நின்றிருந்தான். தவறு என்னுடையது, உன்னுடையது அன்று என்றேன். அவன் அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அன்னிக்கி மைக்குல கூப்டீங்க. இன்னிக்கி வந்து காதுல சொல்றீங்க. எவனுக்குக் கேக்கும் ஐயா?" அதனால்தான் இம்மடல் அச்சில் வருகிறது. ஏழுமலையும் அவனோடு ஓடிய உழைப்பாளிகளும் குடித்துவிட்டு ஓடவில்லை, கட்டுக்கடங்காமல் ஓடவில்லை, நான் கயிற்றைத் தாண்டச் சொன்னேன், தாண்டினார்கள். குற்றம் என்னுடையது. படிப்பவர்கள் இதை அவன் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

மகளே, நீ இனிக் கடல் கடந்து போய்ப் பிறருக்குக் குதிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாய். உன் துறையைப் பற்றி உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன். என் துறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் குரலுக்கு ஒருவர் அசைகிறார் என்பதைப் போல் போதை தருவது வேறொன்றுமில்லை. உன் கையில் வானொலி இருக்கும். மேலே ஒரு புதியவன் உன் சொல்லுக்குக் காத்திருப்பான். அவன் இறங்குவதற்கு வேண்டிய சொல்லை மட்டும் சொல். நீ நன்றாகச் சொல்கிறாய் என்று உனக்கே தோன்றும் நொடியில் நிறுத்திவிடு. உன் குடை பெரிதென்று எவனாவது குத்தினால், அவன் நெஞ்சில் எது எரிகிறது என்று பார்; துணியை மாற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை நானும் வர விழைகிறேன். கயிற்றுக்கு வெளியே, எல்லாரையும்விடப் பின்னால் ஓர் இடம் போதும். பேசமாட்டேன். உன் அம்மா, "நீங்களா? பேசாமயா? பாக்கலாம்!" என்று சிரிக்கிறாள். நம்பாவிட்டாலும் எனக்காக ஒரு வேலை செய்திருக்கிறாள். அன்று உனக்குப் போர்த்தாமல் திரும்பிய மஞ்சள் பொன்னாடையை நீளவாக்கில் வெட்டி, காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கழியில் கட்டும் துணியாகத் தைத்தாள். "சரிகை கனக்கும், காத்துல தூக்காது" என்று பொன்னிறக் கரை முழுவதையும் கத்தரித்து எறிந்துவிட்டாள். மாடியில் கட்டிப் பார்த்தோம். நானே ஏறிக் கட்டினேன், கண்ணைத் திறந்துகொண்டு. நன்றாகப் பறக்கிறது. நீ என்னை வேண்டாம் என்றால் அது மட்டும் அம்மாவோடு வரும். வரட்டுமா, வேண்டாமா என்று ஒரு சொல் அனுப்பு; எதுவானாலும் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஞாயிறன்று நீ குடையை விரித்துக் கீழே பார்க்கும்போது முதலில் உன் கண் தேடப் போவது அந்த மஞ்சள் துணியைத்தான், என்னையன்று. அந்தத் துணியின்மேலும் எனக்குப் பொறாமைதான்.

வாய்மூடி நிற்கக் காத்திருக்கும்,
உன் அப்பா